மர்மமே இல்லாத மர்மக் காய்ச்சல்

ஐப்பசி மழை ஓய்ந்ததும் பத்திரிகைகளின் மாவட்டப் பக்கத்தில் தவறாமல் ஒரு செய்தி வரும். மர்மக் காய்ச்சல் பரவுகிறது, கிராம மக்கள் பீதி! மறுநாள் கொசு மருந்துப் புகை அடிக்கும் படம் வரும். அதற்கடுத்த நாள் நிலவேம்புக் கஷாயம் கொடுக்கும் படம் வரும், பக்கத்தில் சிரித்தபடி நாலு பிரமுகர்கள். அப்புறம் செய்தி காணாமல் போய்விடும். காய்ச்சல் மட்டும் போகாது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த 'மர்ம'க் கூட்டத்தில் ஒளிந்திருக்கும் ஒரு முக்கியமான ஆசாமிக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, மருந்தும் உண்டு. நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. வாயில் நுழையாத பெயர்தான். ஜப்பானிய மொழியில் 'நோய் தரும் பூச்சி' என்று ஏறக்குறைய அர்த்தம். 1930களிலேயே ஜப்பானியர்கள் கிருமியைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒன்றை இன்னமும் மர்மம் என்று எழுதுவது சோம்பேறித்தனம். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று எழுதி அனுப்புவதும் அதே சோம்பேறித்தனம்தான், கொஞ்சம் படித்த சோம்பேறித்தனம்.

"இது மலைப் பக்கம், காட்டுப் பக்கம் வருகிற நோய் ஆயிற்றே, நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்காகக் காஞ்சிபுரம் பக்கத்து ஊர் ஒன்றைப் பார்க்கலாம். மாகறல். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். சிவன் உடும்பாக வந்து புற்றுக்குள் புகுந்து மறைந்தார் என்பது தலபுராணம். நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. உடும்பும் புற்றும் என்றால் என்ன அர்த்தம்? புதர் என்று அர்த்தம்! ஆற்றங்கரைப் புதர், வரப்புப் புல், வேலி ஓரத்து முள், கோரை. ஸ்க்ரப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் புதர் என்றுதான் பொருள். இந்த நோய்க்குக் காடு தேவையில்லை. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு முழம் புதர் போதும்.

2025 ஜனவரியில் தமிழகப் பொது சுகாதாரத் துறை ஸ்க்ரப் டைபஸ் பற்றி எச்சரிக்கை விட்டபோது பெயர் சொன்ன மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. கூடவே சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர், ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை. இதில் எது காடு? சென்னையா?!

சரி, ஆசாமி யார்? தமிழில் இதை 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார்கள். இந்தப் பெயரிலேயே பாதி குழப்பம் ஆரம்பிக்கிறது. உண்ணி என்றதும் நம் ஆட்கள் மாட்டின் காதையும் நாயின் கழுத்தையும் பார்க்கிறார்கள். அங்கே பச்சைப் பயறு மாதிரி உப்பிக்கொண்டு தொங்குகிற உண்ணி இதற்குக் காரணமே இல்லை. இது உண்ணிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு நுண்பூச்சி, செடியில் வருகிற சிலந்திப்பேன் வகையறா. அதிலும் வளர்ந்த பூச்சி மனிதனைத் தொடுவதில்லை. அது பாட்டுக்கு மண்ணுக்குள் மற்ற பூச்சிகளின் முட்டையைத் தின்றுகொண்டு கிடக்கும். கடிப்பது அதன் குஞ்சு. ஆறு கால், ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது. புல் நுனியில் காத்திருந்து எலியோ மனிதனோ உரசினால் ஏறிக்கொள்ளும். ரத்தம்கூடக் குடிக்காது, தோலைக் கரைத்து அந்தச் சாற்றைத்தான் உறிஞ்சும். வலிக்காது, அரிக்கக்கூட அரிக்காமல் போகலாம். குஞ்சாக இருக்கிறவரை அந்த ஒரு சாப்பாடுதான். அதில் கிருமி ஏறிவிட்டால் ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். அதற்குள் எந்த வரப்பில் உட்கார்ந்தோம் என்பது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இன்னொரு விஷயம். கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறது. எலியை ஒழித்துவிட்டால் நோய் ஒழிந்துவிடும் என்பது அதனால்தான் அரைகுறைப் பேச்சு. கொசுப்புகை அடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், புல்லுக்கடியில் இருப்பதற்கு வானத்தில் புகை!

இப்போது மாகறல் போன்ற ஒரு ஊரில் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனைதான், ஆனால் இப்படி ஒருவர் இல்லாத ஊர் வட தமிழகத்தில் இருக்காது. காலையில் ஆட்டுக்குப் புல் அறுக்கிறார், மதியம் பட்டுத்தறி வைத்திருக்கும் வீட்டில் கூலி வேலை, சாயங்காலம் சுள்ளி பொறுக்குகிறார். நூறு நாள் வேலையில் ஏரிக்கரை முள்ளும் வாய்க்கால் புதரும் வெட்டியவர். கார்த்திகையில் காய்ச்சல் வருகிறது. தலை பிளக்கிற வலி, உடம்பு முறிக்கிறது.

முதல் நாள் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை. மூன்றாம் நாள் சந்தைப் பக்கத்து கிளினிக்.

"என்னம்மா பண்ணுது?"

"காய்ச்சலுங்க சார், மூணு நாளா."

அவ்வளவுதான் உரையாடல். ஒரு ஊசி, மூன்று வேளைக்குப் பொட்டலம். ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனை. தட்டணுக்கள் குறைவு. ஆகா, டெங்கு! டெங்கு டெஸ்ட் எடுத்தால் இல்லை. அப்படியென்றால் 'வைரல் ஃபீவர்', பப்பாளி இலைச் சாறு குடியுங்கள். வைடல் டெஸ்ட் எடுத்தால் லேசாகப் பாசிட்டிவ். ஆகா, டைபாய்டு! பாட்டில் ஏற்றி, செஃப்ட்ரியாக்சோன் ஊசி காலை மாலை. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ். அங்கே ஒரு நர்ஸ் உடை மாற்றும்போது பார்க்கிறார்: மார்புக்குக் கீழே, புடவை மறைத்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. வலியே இல்லாதது. ஒன்பது நாளாக அங்கேயேதான் இருந்தது!

அந்தப் பொருக்குதான் இந்த நோயின் கையெழுத்து. எஸ்கார் என்பார்கள். பூச்சி கடித்த இடம் கருகி உண்டாவது. எல்லோருக்கும் இருக்காது. வேலூர் சிஎம்சி நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் தெரிந்திருக்கிறது. ஆனால் இருந்துவிட்டால் வேறு டெஸ்ட் வருகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால் அது கையிலும் முகத்திலும் வந்து உட்காராது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பாவாடை நாடா இறுக்கும் இடம், மார்புக்கடி. சட்டையைக் கழற்றாமல், திரை போடாமல், ஒரு பெண் பணியாளர் இல்லாமல் அதைப் பார்க்க முடியாது. முக்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிஷத்தில் சீட்டு எழுதுகிற வைத்தியத்தில் அது கண்ணில் படவே படாது. எத்தனையோ புறநோயாளிப் பிரிவுகளில் மறைப்புத் திரை கிடையாது. உலகத்துக்கே பட்டு நெய்து கொடுக்கிற மாவட்டத்தில் ஒரு ஜன்னல் அகலத் துணிக்கா பஞ்சம்?

டைபாய்டு, டைபஸ். இரண்டு பெயரும் ஒன்று போல ஒலிப்பது தற்செயல் இல்லை. டைபாய்டு என்றாலே 'டைபஸ் போன்றது' என்றுதான் அர்த்தம், ஒரு காலத்தில் இரண்டையும் பிரித்தறியத் தெரியாததன் மிச்சம். ஆனால் கிருமிகள் வேறு வேறு. டைபாய்டு தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது. இது பூச்சிக்கடியில் வருவது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. மருந்தும் வேறு. ஓரியன்ஷியா நம் செல்களுக்கு உள்ளே குடியிருக்கிற கிருமி. பெனிசிலின் குடும்பமும் செஃப்ட்ரியாக்சோன் குடும்பமும் அதை ஒன்றும் செய்யாது. நாளுக்கு இரண்டு ஊசி என்ன, இருபது போட்டாலும் வீண். டாக்ஸிசைக்ளின் கேட்கும், அசித்ரோமைசின் கேட்கும். சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில், இலங்கையின் எம்பிலிப்பிட்டியவில், பசிபிக் தீவுகளில் என்று சிப்பாய்களை இந்தக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. சிப்பாய் படுத்தால் போர் நின்றுவிடுமே, அதனால் பெரிய ராஜ்யங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் போட்டன. 1948ல் கோலாலம்பூரில் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடலின் குழு குளோராம்ஃபெனிகால் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள்! அதைவிட வேடிக்கை, ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து அந்த மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் பிழைத்தார்கள். டைபாய்டுக்கு முதல் மருந்து கிடைத்ததே இப்படி ஆள் மாறாட்டத்தில்தான்.

பிறகு பல வருஷம் நம்மூர் டாக்டர்கள் நீண்ட காய்ச்சல் என்றால் குளோரோமைசெட்டின், டெட்ராசைக்ளின் என்று கொடுத்தார்கள். டைபாய்டோ டைபஸோ, எதுவாக இருந்தாலும் போனது. பெயர் தெரியாமலே நோய் குணமானது. அப்புறம் புதுப்புது ஆண்டிபயாடிக்குகள் வந்தன, அவை டைபாய்டை மட்டும் கேட்டன. நோய் 'திரும்பி வந்த'தற்கு இதையும் ஒரு காரணமாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2001-02 குளிர்காலத்தில் வேலூர் சிஎம்சியில் காய்ச்சல் நோயாளிகளிடம் தேடியபோது ஸ்க்ரப் டைபஸ் கொத்தாகக் கிடைத்தது. 2003ல் அதைப் பிரசுரம் செய்தார்கள். வேலூர் ஒன்றும் வேறு கண்டம் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தச் செய்தி இந்த இரண்டு மணி நேரத்தை இன்னும் முழுசாகக் கடந்து வரவில்லை.

சிஎம்சியின் கணக்கு சும்மா கடந்து போகிற கணக்கு இல்லை. 2005 முதல் 2010 வரை அங்கே சிகிச்சை பெற்ற 623 ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். அதுவும் அவ்வளவு வசதியுள்ள ஆஸ்பத்திரியில்! பலர் வந்து சேர்ந்தபோதே நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாதிப்பு பரவியிருந்தது. 2025ல் வெளியான ஆய்வு இன்னும் பெரியது. சிஎம்சியும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் சுமார் 32 ஆயிரம் பேரை இரண்டு வருஷம் பின்தொடர்ந்தார்கள். கிராம மக்களில் ஆண்டுக்கு 10 சதவீதம் பேர் வரைகூட இந்தக் கிருமி தொற்றுகிறது என்று தெரிந்தது. நிறையப் பேருக்கு அறிகுறியே இல்லாமல் போய்விடும். மீதிப் பேரில்தான் ஆஸ்பத்திரியும் சாவும். பத்தில் ஒருவர் வரை தொற்றுகிற ஒன்றை 'அரிய நோய்' என்று எந்தக் கணக்குப் பிள்ளை எழுதுவான்?

பிறகு ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை? கணக்கு நோட்டைப் புரட்டினால் பதில் கிடைக்கும். டாக்ஸிசைக்ளின் 1960களின் மருந்து. காப்புரிமை எப்போதோ காலாவதி. ஒரு கேப்சூல் ஒரு டீ விலையைத் தாண்டாது. நாளைக்கு இரண்டு, ஏழு நாள், ஆகப் பதினான்கு கேப்சூல், கதை முடிந்தது. இதை விற்க டை கட்டிய மெடிக்கல் ரெப் எவரும் கிளினிக் வாசலில் காத்திருக்க மாட்டார். பார்த்துக் கண்டுபிடிக்கிற பொருக்குக்குப் பில் போட முடியாது. அதே நோயாளி ஒன்பது நாள் தாமதித்து வந்தால்? ஸ்கேன், ஐசியூ, வென்டிலேட்டர், எல்லாவற்றுக்கும் பில் உண்டு. யாரோ திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சதி எதுவும் தேவையும் இல்லை. வரவு இல்லாத இடத்தில் கவனம் போகாது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் செலவுக் கணக்கு முழுதும் அந்த அம்மா தலையில். கூலி போச்சு, ஆடு விற்றாச்சு, மகனின் காலேஜ் ஃபீஸ் ஆஸ்பத்திரி கவுன்டரில்.

அரசாங்கமாவது? தேசிய அளவில் பூச்சிகளால் பரவும் நோய்களைத் தடுக்க ஒரு திட்டம் இருக்கிறது. மலேரியா, டெங்கு, சிக்குன்குனியா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கருங்காய்ச்சல், யானைக்கால், இந்த ஆறுதான் அதில். பூச்சி கடித்தே வருகிற ஸ்க்ரப் டைபஸுக்கு இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' பட்டியலிலும் இல்லை. புறக்கணிக்கப்பட்டவர்கள் பட்டியலிலும் புறக்கணிப்பு!

ஆனால் காகிதத்தில் வழி எப்போதோ எழுதியாகிவிட்டது. 2015ல் வந்த ஐசிஎம்ஆர் வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. வேறு காரணம் பிடிபடாத காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் சந்தேகப்படு. பொருக்கு இருந்தால் ஐந்து நாள்கூடக் காத்திருக்காதே. சந்தேகம் வந்தால் டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மருந்தை ஆரம்பி. இதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். ஐஜிஎம் எலைசா, பிசிஆர் எல்லாம் நல்லதுதான், பெரிய ஆய்வகம் வேண்டும். எலைசாவும் முதல் சில நாள் நெகட்டிவ் காட்டலாம். நெகட்டிவ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியை இழப்பதற்குப் பெயர் அறிவியல் இல்லை.

செய்து பார்த்த இடம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர். வருஷா வருஷம் நூற்றுக்கணக்கில் குழந்தைகளைக் கொன்ற மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட பிறகும் நிற்கவில்லை. அதுவும் 'மர்மம்' என்றே அழைக்கப்பட்டது. அந்த மர்மத்தை உடைத்ததில் முக்கியப் பங்கு நம் சென்னையிலிருந்து போனவர்களுக்கு. தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் மனோஜ் முர்ஹேகர் குழு 2015ல் பரிசோதித்த நோயாளிகளில் 60 சதவீதத்துக்கும் மேல் ஸ்க்ரப் டைபஸுக்கான அடையாளம் இருந்தது. அதற்குப் பிறகு அங்கே ஆரம்ப நிலையிலேயே காய்ச்சல் குழந்தைகளுக்கு இந்த மருந்துகளைக் கொடுக்கச் சொன்னார்கள். சென்னை நிறுவனம் கோரக்பூரில் கண்டுபிடித்தது, சென்னைக்குத் தென்மேற்கே 80 கிலோமீட்டரில் புல் அறுக்கிற அம்மாவுக்கு எட்டாமல் போவதை என்னவென்று சொல்வது?

"எல்லாக் காய்ச்சலுக்கும் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும்" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான பயம்தான், அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் இதைச் சொல்பவர்கள் இப்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். முதல் நாள் சளிக்கே அசித்ரோமைசின், மூன்றாம் நாள் செஃப்ட்ரியாக்சோன் என்று வாரி இறைக்கிற ஊரில், ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலுக்கு மட்டும் பழைய மருந்தை யோசித்துக் கொடு என்றால் உடனே சிக்கனம் ஞாபகத்துக்கு வருகிறது! எல்லோருக்கும் கொடு என்று யாரும் கேட்கவில்லை. உடம்பைப் பார், ஒரு கேள்வி கேள், பிறகு கொடு என்பதுதான் கோரிக்கை. கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிசைக்ளினுக்குப் பதில் அசித்ரோமைசின். குழந்தைகளுக்குப் பல் கறையாகிவிடும் என்ற பழைய பயம் குறுகிய நாள் சிகிச்சைக்குப் பொருந்தாது என்பதும் இப்போது ஒப்புக்கொள்ளப்பட்டதுதான்.

முற்றிவிட்ட நோயாளிகளுக்கும் பதில் தேடியாகிவிட்டது. சிஎம்சியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவில் 7 ஆஸ்பத்திரிகள், சுமார் 800 நோயாளிகள். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றியபோது, நீடித்த காய்ச்சல், உறுப்புப் பாதிப்பு, மரணம் எல்லாம் சேர்ந்த மோசமான விளைவு 33 சதவீதம். ஒற்றை மருந்தில் 47, 48. மரணத்தை மட்டும் தனியாக எடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐசியூவுக்கு வந்த பிறகு எந்த மருந்தும் ஓரளவுதான். 2023ல் உலகின் முதல் வரிசை மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. வழி கண்டுபிடித்ததும் இந்த மண்ணில், சாவதும் இந்த மண்ணில்.

தடுப்பூசி கிடையாது. கிருமியில் ரகங்கள் ஏராளம். ஒரு ரகம் வந்து போனால் இன்னொரு ரகம் வராது என்று உத்தரவாதம் இல்லை. (இதன் மரபணுத் தொகுப்பில் ஏறக்குறைய பாதி, ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவது. பரீட்சைக்கு முந்தின நாள் எடுத்த ஜெராக்ஸ் நோட்ஸ் மாதிரி!) புதரில் உட்கார்ந்து ஓய்வெடுக்காமல் இருப்பது, புல்லில் துணி காயப்போடாமல் இருப்பது, வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுவது, இதெல்லாம் உதவும். ஆனால் புல் அறுக்காதே என்று புல் அறுத்துப் பிழைக்கிறவரிடம் சொல்வது உபதேசமே தவிர மருத்துவம் இல்லை.

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே வருகிறது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல காரியம். கிராம சுகாதார செவிலியர் எப்படியும் தெருவுக்கு வருகிறவர். ஐப்பசி முதல் தை வரை, காய்ச்சல் என்று யார் சொன்னாலும் அவர் இரண்டே கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும். "எத்தனை நாளாச்சும்மா? உடம்புல எங்கயாவது வலிக்காத கருப்புப் பொருக்கு இருக்கா, உள்ளே போய்ப் பார்த்துட்டு வர்றீங்களா?" அந்த அம்மாவுக்கு டாக்டர் முன்னால் கூச்சம் இருக்கலாம். தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்வதில் கூச்சம் இல்லை. அக்குள், மார்புக்கடி, இடுப்பு, தொடை இடுக்கு. கைபடாத முதுகை மகளோ மருமகளோ பார்க்கட்டும். இருந்தால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் கேப்சூல். இல்லாவிட்டாலும் ஐந்து நாள் தாண்டியிருந்தால் அதே நிலையத்துக்கு.